ஏழு நாள் கடனும் எங்கள் குட்டியானையும்

எனக்குக் கோபம் வந்தால் தெரு நாய்கூட வாலைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கிவிடும் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. நூல் மில்லில் வேலை பார்ப்பவளுக்கு மெதுவாகப் பேசிப் பழக்கம் வராது. மெஷின்கள் ஓடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவளிடம் தண்ணீர் கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். அந்தக் குரல் ஷிப்டு முடிந்ததும் என்னோடு வீட்டுக்கும் வந்துவிடுகிறது.

அவர் நேர் எதிர். குரல் உயராது, வேகம் கிடையாது, யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாது. என் போனை வீட்டுக்குள் எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடும்போது அடித்துப் பார்க்கச் சொல்வேன். அவர் தன் போனை எடுத்து, கண்ணாடியை மாட்டி, விரலால் குத்துவார், குத்துவார், குத்திக்கொண்டே இருப்பார். ஒரு போன் அடிக்க இவ்வளவு நேரமா என்று நான் கத்துவேன். அதற்கும் ஒரு சிரிப்புதான் பதில்.

அவர் ஓட்டுவது குட்டியானை. சின்ன லோடு வண்டியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மாங்காய் சீசனில் மலையடிவாரத் தோப்புகளிலிருந்து எங்கள் ஊர் ராஜபாளையம் மண்டிக்கு லோடு அடிப்பார். மற்ற நாட்களில் வீடு மாற்றுகிறவர்களின் கட்டில், பீரோ, கல்யாண வீட்டுப் பாத்திரம், சில சமயம் ஆடு மாடு. பல வருடம் தவணை கட்டி, போன வருடம்தான் வண்டி முழுதாக எங்களுடையதாகியிருந்தது. என் நகை மகளின் நர்சிங் படிப்புக்காகப் பாங்கில் அடகு இருந்தது. ஆக, எங்கள் சொத்து என்று விரல் நீட்டிக் காட்ட அந்தக் குட்டியானை ஒன்றுதான்.

வருடத்தில் எங்களுக்கு ஒரு பெரிய வாடகை உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு அன்னதானம் போடுகிற ஒரு குழுவுக்கு எங்கள் ஊர் சமையல் மாஸ்டர் ஒருவர்தான் சமைக்கப் போவார். அவருடைய அண்டா, அடுப்பு, காய்கறி எல்லாம் எங்கள் வண்டியில்தான் போகும். அதோடு முடியாது. ஆடிப்பூரத்துக்கு எந்த வண்டியோ, அடுத்து வரும் ஆவணி முகூர்த்தங்கள் அத்தனைக்கும் அதே வண்டியைத்தான் மாஸ்டர் கூப்பிடுவார். முன்பணமும் கொடுப்பார். எங்களுக்குப் பாதி வருடச் சாப்பாடு அதில்தான் இருந்தது.

போன வருடம் ஆனியில் வண்டிக்கு எஃப்.சி., அதாவது ரோட்டில் ஓடத் தகுதிச் சான்று, எடுக்க வேண்டியிருந்தது. பின் டயர் இரண்டும் வழித்த மண்டை மாதிரி இருந்தன. அதை மாற்றாமல் எஃப்.சி. கிடைக்காது, எஃப்.சி. இல்லாமல் தேர்க்கூட்டத்துக்குள் வண்டியைக் கொண்டுபோக முடியாது. மாங்காய் வியாபாரியோ சீசன் முடியட்டும், மொத்தமாகத் தருகிறேன் என்று கையை விரித்துவிட்டார். என்னிடம் சொன்னால் நான் அந்த வியாபாரியின் கடைக்கே போய்ச் சட்டையைப் பிடிப்பேன் என்று பயந்து, என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் போனில் வந்த ஒரு விளம்பரத்தைத் தொட்டு, கடன் கொடுக்கும் ஆப் ஒன்றை இறக்கிவிட்டார்.

சம்பளம் வரும்வரை ஒரு கைமாற்று, ஐந்தே நிமிடத்தில் கணக்கில் பணம் என்று அதில் போட்டிருந்ததாம். உங்கள் சம்பளத் தேதி என்ன என்று கேட்டதாம். லோடு வண்டிக்காரருக்கு ஏது சம்பளத் தேதி? யோசித்துப் பார்த்து என் மில் சம்பளத் தேதியைப் போட்டிருக்கிறார் மனிதர்.

கையிலிருந்தது போகக் குறைந்த ஐயாயிரத்தைக் கேட்டால் மூவாயிரத்துச் சொச்சம்தான் கைக்கு வந்தது. சர்வீஸ் சார்ஜ், அந்தக் கட்டணம், இந்தக் கட்டணம் என்று மிச்சத்தை முதலிலேயே பிடித்துக்கொண்டார்கள். ஏழாம் நாள் முழு ஐயாயிரத்தையும் கட்ட வேண்டும். கட்ட முடியாவிட்டால் ஒரு தொகையைக் கொடுத்து இன்னும் ஏழு நாள் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் ஐயாயிரம் அப்படியே நிற்கும். அதை அடைக்க அதே போனில் இன்னொரு கடன், அந்த இரண்டாவதை அடைக்க மூன்றாவது. தெரிந்தவர்களிடம் கேட்டால் கௌரவக் குறைச்சல், முகம் தெரியாதவனிடம் வாங்கினால் யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்திருக்கிறார்.

அவர் மாம்பழம் சாப்பிடாமல் எழுந்துபோன அன்றைக்குத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. எங்கள் ஊர்ச் சப்பட்டை மாம்பழத்தை நறுக்கித் தட்டில் வைத்தால், கொட்டையை வெள்ளையாக்காமல் எழுந்திருக்காத ஆள். அன்று போன் அடித்ததும் தட்டை அப்படியே வைத்துவிட்டு மாடிப்படிக்குப் பின்னால் போனார். திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. சிரிப்பில்லாமல் அந்த முகத்தைப் பார்த்து எனக்குப் பழக்கமே கிடையாது.

என்ன என்று கேட்டேன்.

"ஏட்டி, கோவப்படாம கேளு" என்றார்.

"கோவப்படாம கேக்குத மாதிரி சொல்லுங்க" என்றேன்.

அவர் சொன்னது அப்படிக் கேட்கிற மாதிரி இல்லை. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அம்மா டி.வி.யை நிறுத்திவிட்டார். அவர்கள் வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள். என் வசவில் ஒரு சொல்கூட விட்டுப்போகக் கூடாது என்று சுவரோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டயருக்கு வாங்கிய கடனுக்கு அதுவரை கட்டிய வட்டியில் இன்னொரு செட் டயரே வாங்கியிருக்கலாம். அதைச் சொல்லிச் சொல்லி ஆத்திரம் தீராமல் கடைசியில் அழுதுவிட்டேன். இனி ஒன்றை அடைக்க இன்னொன்று வாங்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். கணக்கு போட்டுப் பார்த்ததில் வழி தெளிவாக இருந்தது. மாஸ்டரின் ஆடிப்பூர வாடகையும் ஆவணி முன்பணமும் வந்தால் மூன்று கடனையும் முடித்துவிடலாம். வராவிட்டால் வண்டியை விற்க வேண்டும்.

புதுக்கடன் வாங்குவது நின்றதும் அந்த ஆப்காரர்கள் சுயரூபத்தைக் காட்டினார்கள். போனில் உள்ள அத்தனை நம்பருக்கும் பேசி, இவன் மோசடிக்காரன் என்று சொல்லப் போவதாக மிரட்டினார்கள். கடன் கொடுக்கும்போதே போனுக்குள் இருந்த நம்பரையெல்லாம் வழித்தெடுத்து வைத்திருந்தார்கள். சொன்னபடியே அடுத்த நாள் காலையில் ஆரம்பித்தார்கள்.

இங்கே என் வீட்டுக்காரரின் தொழில்முறை ஒன்றைச் சொல்ல வேண்டும். அவருக்கு மனிதர்களின் பெயர் நிற்காது, லோடுதான் நிற்கும். வாடகைக்குக் கூப்பிட்டவரின் நம்பரை அவர் ஏற்றிய சாமானின் பெயரில்தான் பதிந்து வைப்பார். 'கட்டில் பீரோ மம்சாபுரம்' என்று ஒருவர். 'தேங்காய் பிளவக்கல்' என்று ஒருவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் மெத்தைக் கடை வைத்திருக்கும் பாய் 'பஞ்சு மெத்தை'. வ. புதுப்பட்டியில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், என்றைக்கோ ஒரு எருமை வாங்கி எங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அவர் 'எருமை புதுப்பட்டி'.

போன் செய்தவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? எந்த ஊர்க்காரனோ, தமிழைத் தட்டுத் தடுமாறிப் பேசினானாம். திரையில் என்ன பெயர் இருந்ததோ அதைச் சொல்லியே கூப்பிட்டிருக்கிறான். வாத்தியார் போனை எடுத்ததும், எருமை சார் பேசுறீங்களா என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டிருக்கிறான். அதற்குப் பிறகு அவன் யாரை மோசடிக்காரன் என்றான், எவ்வளவு பாக்கி என்றான், ஒன்றும் வாத்தியார் காதில் ஏறவில்லை. அவர் கால் மணி நேரம் இங்கிலீஷில் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். பிறகு நிதானமாக யோசித்து, நம்மை எருமையோடு சேர்த்து நினைக்கக்கூடியவன் யார் என்று கண்டுபிடித்து, என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று இவர் நடுங்கிக்கொண்டே எடுத்தார். அவரோ வண்டி இன்னும் ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டு, இரண்டு கிடேரிக் கன்றுகளைப் பிளவக்கல் பக்கம் கொண்டுபோய் விட வேண்டும், எப்போது வருகிறாய் என்று கேட்டார்.

அந்த வாரம் முழுக்க இதே கதைதான். கட்டில் பீரோ கூப்பிட்டார். அவருக்கு மறுபடியும் வீடு மாற்ற வேண்டியிருந்தது, இவருடைய நம்பரைத் தொலைத்துவிட்டு வேறு வண்டி தேடிக்கொண்டிருந்தாராம். பஞ்சு மெத்தை பாய் சிரித்துச் சிரித்துப் பேச முடியாமல், ஒரு ஹாஸ்டலுக்குப் போக வேண்டிய மெத்தைகளை ஏற்ற வரச் சொன்னார். எல்லோரும் அப்படி இருந்துவிடவில்லை. போனை எடுக்காமல் விட்டவர்களும் உண்டு, எதிரே பார்த்தும் பார்க்காத மாதிரி போனவர்களும் உண்டு. ஆனாலும் அவமானப்படுத்தக் கிளம்பியவன் செலவில்லாமல் எங்களுக்கு விளம்பரம் செய்துகொண்டிருந்தான். வந்த வாடகையையெல்லாம் நான் கையில் வாங்கி, மூன்றில் சின்னக் கடனை முதலில் முடித்தேன்.

இதற்கு நடுவில் ஒரு நாள் வாசலில் பைக் வந்து நின்றது. இறங்கியவர் எங்கள் ஏரியா தண்டல்காரர். காய்கறி விற்கிறவர்களுக்கும் டீக்கடைக்காரர்களுக்கும் பணம் கொடுத்து தினசரி வசூல் செய்கிறவர். எங்கள் தெருவில் அவரை என் அளவுக்குத் திட்டியவர் யாரும் கிடையாது. என் வீட்டுக்காரர் இளகிய மனதோடு அவரிடம் எதையாவது வாங்கித் தொலைத்துவிடக் கூடாது என்று, அவர் நம்பரை 'வட்டி வேண்டாம்' என்று நான்தான் பதியச் சொல்லியிருந்தேன். அவர் வந்த வரத்தைப் பார்த்ததுமே அவருக்கும் போன் போயிருப்பது தெரிந்துவிட்டது.

'வட்டி வேண்டாம் சார்' பேசுறீங்களா என்று போன் செய்தவன் கேட்டிருப்பான், அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எவ்வளவு வாங்கினீர்கள், எவ்வளவு கைக்கு வந்தது, எத்தனை நாள் என்று மட்டும் விசாரித்தார். நான் சொன்னேன். கண்ணை மூடிக் கணக்கு போட்டார். முகம் சிவந்துவிட்டது.

"இந்தாம்மா, நீயே ஒரு ஞாயம் சொல்லு. நா தண்டலுக்கு விடுறவந்தான். ஊரு என்னய என்னமெல்லாம் பேசுது, நீயுந்தான் பேசிருக்க. நூறு நாளைக்கு நா புடிக்கிறத விட, அவன் ஏழு நாளைல ஜாஸ்தி புடிச்சிருதான். இவன ஒருத்தரும் வையல. வீட்டுக்குள்ளயே கூப்புட்டு வச்சிருக்கீக."

அவர் உண்மையாகவே மனம் நொந்துபோயிருந்தார். அத்தனை வருடம் ஊர் வாயில் விழுந்து அவர் சம்பாதித்த கெட்ட பெயரை, முகம் தெரியாத ஒருவன் ஒரே வாரத்தில் தூக்கிச் சாப்பிட்டுவிட்டான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த மாதத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, வேண்டுமானால் நான் தருகிறேன், அதை அடைத்துவிடுங்கள் என்று மெல்ல இழுத்தார். டீ மட்டும் போதும் அண்ணாச்சி என்று அனுப்பி வைத்தேன்.

பிறகு நானும் என் வீட்டுக்காரரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தோம். அங்கிருந்த பெண் போலீஸ் எங்களை விசித்திரமாகப் பார்க்கவில்லை. இந்த மாதிரி தினமும் யாராவது வருகிறார்கள் என்று சொல்லி, போனிலிருந்து அந்த ஆப்களை எடுத்துவிட்டு, புதிதாக எதையும் தொடாதீர்கள் என்றார். போன் வருவது குறைந்தது, முழுதாக நிற்கவில்லை.

எனக்கும் போன் வரும் என்று நான் காத்துக்கொண்டுதான் இருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று மெஷின் பக்கத்தில் நின்று ஒத்திகையே பார்த்து வைத்திருந்தேன். அவன் ஏழு தலைமுறையையும் வரிசையாக நிற்கவைத்துப் பேசுகிற அளவுக்குச் சரக்கு தயாராக இருந்தது. ஊரில் எருமைக்கும் பீரோவுக்கும் வந்த போன் எனக்கு மட்டும் வரவே இல்லை. பொண்டாட்டியை ஒரு ஆளாகவே மதிக்கவில்லையா என்று அதிலும் எனக்கு ஒரு கோபம்.

ஆனால் என் அடிவயிற்றில் இருந்த பயம் வேறு. மாஸ்டரிடமிருந்து எந்தச் சத்தமும் இல்லை. மற்ற வருடங்களில் ஆடி பிறந்ததுமே கூப்பிட்டு நாள் சொல்லிவிடுவார். அவரிடம் வேலை பார்க்கும் ஒருவரை மார்க்கெட்டில் பார்த்தபோது, மாஸ்டருக்கும் அந்தப் போன் வந்தது, அன்றிலிருந்து உங்க வீட்டுக்காரர் பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று சொன்னார். அதை வீட்டில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வீட்டுக்காரர் வாசலில் நின்று வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

தேருக்கு இரண்டு நாள் இருக்கும்போது மாஸ்டர் சொல்லி அனுப்பினார். நாளைக் காலையில் வண்டி வரட்டும் என்று ஒரே வரி. நான் மில்லில் லீவு சொல்லிவிட்டுக் கூடவே கிளம்பினேன். அவரைத் தனியாக விட்டு மாஸ்டர் ஏதாவது பேசிவிட்டால், கேட்டுக்கொண்டு சிரித்துவிட்டு வந்துவிடுவார். பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

மாஸ்டர் பெரிய உடம்புக்காரர். அவர் முன்னால் ஏறியதும் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் பின்னால் அண்டாக்களுக்கு நடுவில் கத்திரிக்காய் மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டேன். இடப்பக்கம் மலை கூடவே வந்தது, மேலே மழை மேகம். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும்வரை மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை. இறக்கும்போதும் வேலையாட்களிடம் மட்டும் பேசினார். அன்றும் பேசவில்லை, மறுநாள் காலையிலும் பேசவில்லை.

தேரன்று எனக்கு எதைப் பற்றியும் நினைக்க நேரமில்லை. ரத வீதி பக்கத்து மண்டபத்தில் பந்தி பந்தியாகச் சனம். வாளியைத் தூக்கிக்கொண்டு சாம்பார் ஊற்றினேன். தேர் நகரும்போது எழுந்த கோவிந்தா சத்தத்தில் நானே காதைப் பொத்திக்கொண்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். என்னை விடப் பெரிய குரலை அன்றைக்குத்தான் கேட்டேன். தேர் நிலைக்கு வந்து, கடைசிப் பந்தியும் எழுந்து, அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் மாஸ்டர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். நான் கரண்டியைக் கீழே வைக்காமலே கூடப் போனேன்.

"போன் வந்துச்சு. அவன் ஒன்னயத் திருட்டுப்பயங்கான். நாஞ் சொன்னேன், ஏலே, எங்கிட்ட இருக்க அம்புட்டுப் பாத்திரமும் அவன் வண்டிலதான் போயிட்டு வருது, இன்னிக்கு வரைக்கும் ஒரு மூடி கொறஞ்சதில்ல, வையி போனன்னேன்." மாஸ்டர் தோள் துண்டை உதறிப் போட்டார். "அது கெடக்கட்டும். என்னய எதுக்குலே அண்டான்னு போட்டு வச்சிருக்க?"

விஷயம் இதுதான். போன் செய்தவன் அவரை அண்டா சார், அண்டா சார் என்று கூப்பிட்டிருக்கிறான். எடையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் திட்டி அனுப்பியது அதே வாரத்தில்தானாம். மனிதர் கடனைப் பற்றிக் கவலையே படவில்லை, பெயருக்குத்தான் இத்தனை நாளும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

இவர் தலையைச் சொறிந்துகொண்டு, அது ஏத்துற சாமானோட பேருண்ணாச்சி என்று முனகினார். மாஸ்டர் விடுவதாக இல்லை.

"ஒம் பொண்டாட்டிய என்னன்னு போட்டு வச்சிருக்க? மொதல்ல அதக் காமி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கே தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. மில்லு என்று இருக்கும், இல்லாவிட்டால் இடி என்று இருக்கும், எதுவாக இருந்தாலும் இந்தக் கரண்டிக்கு இன்றைக்கு வேலை இருக்கிறது என்று நினைத்தேன்.

"அவ நம்பரு இதுல இல்லண்ணாச்சி" என்றார்.

"ஏம்லே?"

"அது எனக்குத் தெரியுமே. எதுக்குப் போட்டு வைக்கணும்?"

சொல்லிவிட்டு, நம்பவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகக் குத்தினார். என் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. எனக்கு மட்டும் அவன் ஏன் கூப்பிடவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. இவர் போனில் இருந்த அத்தனை நம்பரையும் வழித்தெடுத்தவர்களுக்கு அது மட்டும் அகப்படவில்லை. சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது, அடுப்புப் புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். அடுப்பை எப்போதோ அணைத்துவிட்டார்கள். மாஸ்டர் வாடகையோடு ஆவணி முன்பணத்தையும் எடுத்து, அவரிடம் கொடுக்காமல் என் கையில் கொடுத்தார்.

ஆடி முடிவதற்குள் மிச்சக் கடன் இரண்டையும் அடைத்துவிட்டோம். டயர் நன்றாக ஓடுகிறது, இவ்வளவு விலை கொடுத்த டயர் ஓடாமல் என்ன செய்யும்? மாஸ்டரின் நம்பர் இப்போது 'தேர்' என்று இருக்கிறது. அவருக்கு அதில் பரம சந்தோஷம். தேர் எம்புட்டுப் பெரிசு என்று இதுவரை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை.

என் நம்பரையும் பதிந்து வைக்கட்டுமா என்று ஒரு நாள் அவராகவே கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போதும் என் போன் அடிக்கடி வீட்டுக்குள் காணாமல் போகிறது. அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு குத்துகிறார், குத்திக்கொண்டே இருக்கிறார். நான் பக்கத்தில் சத்தம் போடாமல் நிற்கிறேன்.